புகையின் நிறம்

பழைய கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருக்கிறீர்களா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளம்பிவிடாதீர்கள். இறங்கி, பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். புகைக்கு நிறம் உண்டு.

கறுப்பா? பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சென்னை ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, அதைச் சும்மா விடுமா?

நீலமா? இன்ஜின் ஆயில் எரிகிறது. இது செலவு வைக்கும்.

வெள்ளையா? மார்கழிப் பனியில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் வெறும் நீராவி. வண்டி சூடான பிறகும் நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்குகிறது. ஓட்டாதீர்கள்.

சரி, சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறதா? மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். மூன்று கல் அடுப்பில் ஒரு கல் ஆடினால் பானை நிற்குமா? நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைத் திருகுவார்கள். வேண்டாம். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் கரி அப்பியிருக்கலாம்.

நாளைக் காலை புகையைப் பாருங்கள். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.