காவலூரும் நிலாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பற்றிப் பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னார். பம்புகளையும் வால்வுகளையும் பற்றிப் பேசினால் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்கிறேன். நிலாவைப் படம் எடுப்பதுதான் அது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். சுமார் 725 மீட்டர் உயரம். வேணு பாப்பு இடம் தேடி அலைந்து தேர்ந்தெடுத்த ஊர். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. அது கடையில் வாங்கியதல்ல. கொடைக்கானலில் நம்மவர்களே செய்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூன் 7-ல் வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. நட்சத்திர ஒளி மங்கிய விதத்தை வைத்து, அந்த நிலாவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கக்கூடும் என்று சொன்னார்கள். வந்த வருடமே இப்படி ஒரு வேலை!

சென்ற தை மாதம் நண்பர்களோடு அந்தப் பக்கம் போயிருந்தேன். டீக்கடையில் ஒரு பெரியவர் என் கேமராவைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நிலா காய்ஞ்சா மேலே இருக்கிறவங்களுக்கு ஆகாதாமே, நீங்க அதையே படம் பிடிக்க வந்திருக்கீங்க?" என்றார். அவர் சொன்னது சரிதான். மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்க்க இருண்ட வானம் வேண்டும். நிலவொளி இரவுகளைப் பிரகாசமான நட்சத்திரங்களின் நிறமாலை எடுக்கப் பயன்படுத்திக்கொள்வார்கள். நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கோ நிலாதான் அரிச்சுவடி.

பௌர்ணமியன்று தொடங்காதீர்கள். அன்று வெயில் நேரே விழுவதால் நிழலே இருக்காது. படம் தோசைக்கல் மாதிரித் தட்டையாக வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் தொடங்குங்கள். சூரியன் மறையும்போது நிலா உச்சியில் இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால் கோப்பர்நிகஸ் பள்ளம் தெரியும். அதன் குறுக்களவு 93 கி.மீ.; சென்னையில் ஒரு கரையை வைத்தால் மறு கரை காஞ்சிபுரத்தைத் தாண்டிவிடும்.

அடுத்து கணக்கு. லென்ஸின் குவியத் தொலைவை 110-ஆல் வகுத்தால் நிலாவின் பிம்ப அளவு கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 300 மி.மீ. லென்ஸில் 2.7 மி.மீ. காவலூர் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் குவியத் தொலைவு சுமார் 13 மீட்டர். அதில் 12 செ.மீ. வரும், ஒரு இட்லியைவிடப் பெரிது!

இரவு என்பதற்காக அதிக நேரம் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள். நிலா வெயிலில் காயும் பாறை. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 வைத்தால் பௌர்ணமிக்கு 1/200 நொடி போதும். பாதி நிலாவுக்கு 1/60. ஃபோகஸைக் கையால் சரி செய்யுங்கள். முக்காலியில் வைத்து டைமரில் எடுங்கள். விரல் பட்டாலே படம் ஆடும்.

"கைப்பேசி போதாதா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டார். போதும், சிறு தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால். ஆனால் சில கைப்பேசிகள், 'இது நிலா' என்று தெரிந்ததும் தாமே மெருகேற்றிவிடுகின்றன. படம் அழகாக இருக்கும். அதில் நாம் பார்த்தது எவ்வளவு என்பது தெரியாது. சற்று மங்கினாலும் நாமே எடுத்த படத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இதை ஒட்டி இந்தச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியை பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகிட்டார்கள். 1982-ல் மறைந்த பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6-ல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். நாமும் இந்த வருடம் இன்னொரு கல்வெட்டுக்குப் பதிலாக, இரண்டு கண்ணாடி வட்டுகளும் தேய்க்கும் பொடியும் வாங்கிக் கொடுப்போம். மாணவர்கள் தங்கள் கையாலேயே 15 செ.மீ. ஆடி ஒன்றைத் தேய்க்கட்டும். சில வாரங்கள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். குவியத் தொலைவு 1,200 மி.மீ. என்றால் நிலா 11 மி.மீ. வரும், கேமராவுக்குள் அழகாக அடங்கும்.

கூடவே, மைதானத்து விளக்குகளுக்கு மேல்மூடி போட்டுத் தாருங்கள் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளிச்சம் தரையில் விழட்டும். வானத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம். கண்ணாடி வட்டுச் செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.