வாடகைக் கார் ஓட்டிய இசைப்புலவர்

நியூயார்க் நகரில் ஒரு மாது வாடகைக் கார் ஒன்றில் ஓட்டுநரின் பெயரைப் படித்துவிட்டு, "புகழ்மிக்க இசைப்புலவர் ஒருவரின் பெயர் உமக்கும் வாய்த்திருக்கிறதே!" என்று வியந்தாராம். அந்த ஓட்டுநரே அந்த இசைப்புலவர் என்பதை அவர் அறியார்.

அவர்தாம் பிலிப் கிளாஸ். 1937இல் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விலைபோகாத தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவை ஏன் விலைபோகவில்லை என்று அறிவதற்காகவே போட்டுக் கேட்பார். மைந்தரும் உடனிருந்து கேட்டார். பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் இங்ஙனம் வந்தது போலும்!

பாரிஸ் மாநகரில் நாடியா பூலாஞ்சே அம்மையாரிடம் பயின்ற காலத்தில், ரவிசங்கர் ஒரு திரைப்படத்துக்கு அமைத்த இசையை மேனாட்டு முறையில் எழுதித்தரும் பணி அவருக்குக் கிட்டியது. தாள அளவைக் காட்டும் கோடுகளை எங்கே இட்டாலும், அழுத்தம் பிழையான இடத்தில் விழுகிறது என்று தபலா மேதை அல்லா ரக்கா மறுத்துக்கொண்டே இருந்தார். சலித்துப்போன இளைஞர் கோடுகள் அனைத்தையும் அழித்துவிட்டார். அப்போதுதான், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடையறாது ஓடும் சுரவோட்டம் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. அவருடைய இசைக்கு வித்து அதுவே.

இவ்விசை எல்லோருக்கும் உவப்பானதென்று நான் கூறமாட்டேன். முதன்முறை கேட்போர், தட்டுப் பழுதாகி ஊசி ஓரிடத்திலேயே சுழல்கிறதோ என்று ஐயுறுவர். பொறுத்திருந்தால், சிறு சிறு மாறுதல்கள் செவிக்குத் தட்டுப்படும்.

பாட்டாலேயே கதை நடத்தும் இசை நாடகத்தை மேனாட்டார் 'ஆப்பெரா' என்பர். ராபர்ட் வில்சனுடன் சேர்ந்து கிளாஸ் ஆக்கிய 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' என்னும் ஆப்பெரா 1976இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கில் இரண்டு இரவுகள் நடந்தது. அரங்கு நிறைந்தது, ஆயினும் மிஞ்சியது பெருங்கடனே. அவர் மீண்டும் காரோட்டச் சென்றார். குழாய் பொருத்தும் வேலையும் அவர் அறிந்ததே. இசையால் மட்டுமே பிழைக்கும் நிலை எய்தியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது.

அடுத்த படைப்பு 'சத்தியாக்கிரகா'. 1980இல் ராட்டர்டாம் நகரில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய போராட்டமே கதை. பாடப்படுவனவோ பகவத்கீதையின் சமஸ்கிருதச் சொற்கள். கேட்கும் மேனாட்டாருக்குப் பொருள் விளங்காது என்பது தெரிந்தே அவ்வாறு அமைத்தார். இசைக்குழுவில் பித்தளை ஊதுகருவிகள் இல்லை, முரசும் இல்லை. மூன்று அங்கங்களிலும் முறையே டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோர் பாடாமல் வீற்றிருக்கின்றனர்.

இறுதிக் காட்சி 1913ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணம். மெய்யாகவே அன்று நடந்த சுரங்கத் தொழிலாளருள் தமிழர் பலர். மேடையில் கூட்டம் கலைந்து, காந்தியடிகள் தனித்து நிற்கிறார். கீழிருந்து மேலேறும் ஒரே சுரவரிசையை மீண்டும் மீண்டும் பாடுகிறார்; ஒவ்வொரு முறையும் அடியிலிருந்தே தொடங்குகிறார். திரை விழுகிறது.