வண்ணம் பூசுவதற்கு முன்

அக்டோபர் வந்துவிட்டால் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள படகுத்துறைகளில் கிரேன்களுக்கு ஓய்வு கிடையாது. கோடை முழுவதும் தண்ணீரில் கிடந்த பாய்மரப் படகுகளை வயிற்றைச் சுற்றிப் பட்டை போட்டுத் தூக்கி, குளிர்காலத்துக்காகக் கரையில் நிறுத்துவார்கள். அவற்றில் 1970களிலும் 80களிலும் கட்டிய கண்ணாடியிழைப் படகுகள் ஏராளம். மரத்தைப் போல அவை உளுத்துப்போவதில்லை; நாற்பது வயதிலும் ஓடுகின்றன, விலையும் மலிவு. இப்படிக் கரையேறிய படகுக்குப் பெரும்பாலானோர் முதலில் செய்வது அடியைச் சுரண்டித் தேய்த்து, பாசி பிடிக்காத வண்ணம் பூசுவதுதான். பராமரிப்பு என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. இந்த வரிசை தவறு என்பதே என் வாதம். பழைய படகைத் தூக்குவது முதலில் பார்ப்பதற்காக. பார்க்க வேண்டியவற்றுள் முக்கியமான சில, தூக்கிய முதல் சில மணி நேரத்தில் மட்டுமே கண்ணில் படும். வண்ணம் ஏறிவிட்டால் அவை அடுத்த ஆண்டு வரை மறைந்துவிடும். நம் கரைகளில் ஃபைபர் படகுகள் வேலை முடிந்ததும் மணலுக்கு ஏறிவிடுவதால், அவற்றின் அடி அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆழமாகக் கனம் தொங்கும் பாய்மரப் படகுக்கு ஆண்டில் ஒருமுறைதான் அந்த வாய்ப்பு.

அந்தக் கனத்திலிருந்தே தொடங்கலாம். காற்று சாய்க்கும்போது படகு கவிழாமல் இருக்க, அதன் அடியில் இரும்பிலோ ஈயத்திலோ வார்த்த பெரும் பாளம் ஒன்றைப் போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். அடிப்பாரம் என்று சொல்லிக்கொள்வோம். நடுத்தரப் படகுகளில்கூட அது டன் கணக்கில் இருக்கும். படகு பட்டையில் தொங்கும்போது இத்தனை எடையும் அந்தப் போல்ட்டுகளைக் கீழ்நோக்கி இழுக்கிறது. உடலும் பாரமும் சேரும் மூட்டில் விரிசல் இருந்தால் அப்போதுதான் வாய் திறக்கும். தரையில் கட்டை மேல் உட்கார வைத்தவுடன் படகின் எடையே அதை மூடிவிடும். ஆகவே கிரேன் ஓட்டுநரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, தொங்கும் நிலையிலேயே மூட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுக்கானும் இப்படித்தான். பல படகுகளில் சுக்கான் என்பது கண்ணாடியிழைத் தோலுக்குள் நுரையடைத்து, நடுவே எஃகுத் தண்டையும் அதில் பற்றவைத்த தகடுகளையும் வைத்து மூடிய பொருள். நீரைப் பீய்ச்சி அடியைக் கழுவியபின் உடல் முழுவதும் காய்ந்துவிடும். சுக்கானின் கீழ்விளிம்பு மட்டும் ஈரமாகவே இருக்கும். அங்கிருந்து சொட்டும் நீர் பழுப்பாக இருந்தால், கடல்நீர் உள்ளே புகுந்து எஃகைத் தொட்டுவிட்டது என்று பொருள். நாம் எவர்சில்வர் என்று நம்பும் எஃகு காற்றோட்டத்தில்தான் துருவை எதிர்க்கும். ஆக்சிஜன் எட்டாத ஈர இடுக்கில் வெளியே தெரியாமல் அரித்துப்போகும். நான்கு நாள் வெயிலில் காய்ந்தபின் வருபவர் அந்தச் சொட்டைப் பார்க்கப் போவதில்லை.

அடுத்தவை துளைகள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வரவும், கழிவறை நீர் போகவும், பழைய படகின் அடியில் அரை டஜன் துளைகளாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் உலோகக் குழாய்முனை, அதன் உட்புறம் ஒரு வால்வு. இவை வெண்கலமாக இருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். பித்தளையாக இருந்தால் கதை வேறு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிவிடும். வடிவம் மாறாது, பலம் போய்விடும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கத்திமுனையால் சுரண்டினால் நல்ல பித்தளை மஞ்சளாக மின்னும், கெட்டது இளஞ்சிவப்பாகத் தெரியும். சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஓசை வரும். படகுகளின் இத்தகைய பொருத்திகளுக்கான ஐஎஸ்ஓ 9093 என்ற தரநிலை, அரிப்பைத் தாங்கும் உலோகம் எது என்பதற்கு நெடுங்காலம் 5 ஆண்டுப் பணிக்காலத்தையே அளவாகக் கொண்டிருந்தது. தரச்சான்றோடு வந்த பொருத்தியாயிற்றே என்று இருபது ஆண்டு நம்பியிருப்பதற்கு அதில் இடமில்லை. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே பாயும். கைப்பம்பை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட முடியாது.

அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுவதற்கு முன் அவற்றையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மற்ற உலோகங்களைக் காப்பாற்றத் தம்மைக் கரைத்துக்கொள்வதே அவற்றின் வேலை. பாதி கரைந்திருந்தால் எல்லாம் சரி, புதிது போடலாம். ஓராண்டு கழித்தும் கரையாமல் புத்தம் புதிதாக இருந்தால் மகிழ வேண்டாம். மின்தொடர்பு அறுந்திருக்கலாம், அல்லது யாரோ அதன் மேலும் வண்ணம் பூசியிருக்கலாம். சில மாதங்களிலேயே காணாமற்போனால் எங்கோ மின்கசிவு என்று சந்தேகிக்க வேண்டும்.

“முப்பது ஆண்டாக ஒன்றும் ஆகவில்லையே, இனி என்ன ஆகிவிடும்?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு 2014ஆம் ஆண்டு மே மாதம் அட்லாண்டிக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சீக்கி ரஃபிக்கி என்ற பாய்மரப் படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்தின் சவுதாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 2006இல் கட்டிய படகு, அதாவது எட்டே வயது. நடுக்கடலில் அதன் அடிப்பாரம் கழன்று விழுந்தது, படகு கவிழ்ந்தது, நால்வர் மாண்டனர். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கவிழ்ந்த உடலைக் கண்டபோது, உயிர்காப்பு மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்கும் அவகாசம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015இல் வெளியிட்ட அறிக்கை, முன்பு பலமுறை தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, அடிப்பாரத்தைத் தாங்கும் பகுதியைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது. உடலின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாங்குசட்டம் இலேசான தரைதட்டலில்கூட ஒட்டு விட்டுப்போகலாம், அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்றும் எச்சரித்தது. ஆக, ஒன்றும் ஆகவில்லை என்பது படகின் நலத்துக்குச் சான்றாகாது. எத்தனை முறை தரைதட்டியது, யார் என்ன பழுது பார்த்தார்கள் என்ற பதிவேடுதான் சான்று. அது இல்லாத படகில் வெளியே மூட்டையும் உள்ளே தாங்குசட்டத்தையும் தட்டிப் பார்த்தே தீர வேண்டும். ஐயம் இருந்தால் ஒரு போல்ட்டையாவது கழற்றிப் பார்ப்பது நியாயம். கழற்றினால் புதிதாகக் கசியுமே என்ற அச்சம் பொய்யன்று. அதனால்தான் ஐயம் இருந்தால் என்றேன். கழற்றியதை முறைப்படி மீண்டும் பூசி முடுக்கத் தெரிந்தவர் கையில்தான் அந்த வேலை போக வேண்டும்.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. படகுத்துறையில் நாளுக்கு நாள் வாடகை ஏறும்போது சோதனைக்கு நேரம் ஏது என்பார்கள். நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளில் முடியும். பணமும் நாளும் உண்மையில் கரைவது கொப்புளங்களில். பழைய கண்ணாடியிழையில் நீர் ஊறி, அடியெங்கும் சிறு கொப்புளங்கள் எழும். குத்தினால் புளித்த காடி நெடியுடன் அமில நீர் பீய்ச்சும், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் குத்த வேண்டும். பார்க்க அருவருப்பாக இருப்பதால் தோலையே உரித்து மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். கொப்புளத்தால் மட்டுமே மூழ்கிய படகு அரிது. ஆழமாகப் போயிருந்தால் மருந்து தேவைதான். மேலோட்டமானவற்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் பித்தளை முனைகளை மாற்றுவதே அறிவு. ஆய்வாளர் பார்த்துச் சான்றிதழ் தந்துவிட்டாரே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் வருவதற்கு முன்பே படகைக் காயவைத்து வண்ணமும் பூசிவிட்டால், சிறந்த ஆய்வாளரும் உங்கள் வண்ணத்தைத்தான் ஆய்வு செய்ய முடியும். படகு கிரேனில் ஏறும் நேரத்துக்கே அவரை வரச் சொல்லுங்கள்.

சோதனை முடிந்து படகை மீண்டும் இறக்கும் நாளிலும் ஓர் அவசரம் வேண்டாம். படகு மிதக்கத் தொடங்கியதும் பட்டைகளை அவிழ்க்கவிடாதீர்கள். உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடி, கைவிளக்கு பிடித்து, விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் ஈரமில்லை என்று உறுதியான பிறகு கிரேனை அனுப்புங்கள்.