நண்டு பிடிக்கப் போனோம்

(அரியாங்குப்பம் பகுதியில் ஒரு வளர்கல்வி மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று பாடம் இல்லை. புத்தகத்தை மூடி வையுங்கள். ஒரு கதை சொல்லப் போகிறேன். இது கட்டுக்கதை அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உங்களில் சிலர் இந்தக் கதையில் இருக்கிறீர்கள். வர முடியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

"எப்பப் பார்த்தாலும் படிப்புதானா? ஒரு நாள் எங்கயாவது போகலாம் பாப்பா" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். எங்கே போகலாம்? ஆளுக்கு ஓர் ஊர் சொன்னீர்கள். கடைசியில் நம் ஆற்றிலேயே படகில் போய் நண்டு பிடிப்பது என்று முடிவானது. செலவு குறைவு. சிரிப்பு அதிகம்.

நான் வில்லியனூர்ப் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்தவள். நண்டைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவள் நான். ஆனால் அன்று படகில் நீங்கள் எல்லாரும் டீச்சர். நான் ஒருத்திதான் மாணவி.

காலையில் துறைக்குப் போனோம். படகோட்டித் தம்பியோடு சேர்த்து 11 பேர். எல்லாரும் ஒரே படகில் ஏறிவிட்டோம். அப்போது நம் பெரியம்மா ஒருவர் எழுந்து நின்றார். படகின் பக்கத்தில் பெயின்டால் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எட்டு... பேர்... மட்டும்."

பிறகு எங்களை எண்ணினார். "மூணு பேர் இறங்குங்க. இன்னொரு படகு வரட்டும்" என்றார்.

படகோட்டித் தம்பி, "பரவாயில்லை பெரியம்மா, பக்கம்தானே" என்றார். பெரியம்மா விடவில்லை. "பரவாயில்லைன்னா எதுக்கு எழுதி வச்சே?" என்று கேட்டார். தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய அண்ணன் படகு வந்தது. மூன்று பேர் அதில் ஏறினார்கள்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். வியர்க்கிறது என்று உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. பெரியம்மா பார்த்த பார்வையில் உடனே போட்டுக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் கைநாட்டு. இன்று எட்டு உயிரை எண்ணிப் பார்க்கிறார். படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் அது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். தண்ணீர் ஏறும்போது நண்டு இரை தேடி வெளியே வரும். ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஏறும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இதை நான் புத்தகத்தில் படித்தேன். நீங்கள் தண்ணீரைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள்.

போகும் வழியில் கரை மேல் அரிக்கமேட்டைப் பார்த்தோம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் அங்கே துறைமுகம் இருந்தது. ரோமாபுரியோடு வாணிகம் நடந்தது. 1945-இல் வீலர் என்ற அறிஞர் அங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். மணிகள் கிடைத்தன. மது கொண்டுவந்த சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. இதே ஆற்றங்கரையில் அன்றே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நாம் இப்போது அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அலையாத்தி மரங்கள் நிற்கும் ஓரமாகப் படகை நிறுத்தினோம். இரும்பு வளையத்தில் வலை கட்டியிருந்தது. நடுவில் மீன் தலையை வைத்துக் கட்டினோம். கயிற்றின் மேல் நுனியில் மிதவை. வளையத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் காத்திருந்தோம்.

முதலில் நான் இழுத்தேன். ஆசையில் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். நண்டு தப்பியது. மீன் தலையும் போனது. எல்லாரும் சிரித்தீர்கள். "மெதுவா ஆரம்பிக்கணும் பாப்பா. அப்புறம் நிறுத்தாம ஒரே சீரா இழுக்கணும்" என்று ஓர் அக்கா சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் முறை ஒரு நண்டு வந்தது. கை கொட்டினேன்.

நண்டைப் பிடிப்பது எப்படி? முன்னால் கையை நீட்டினால் கொடுக்கு விடாது. பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும். கட்டை விரல் வயிற்றின் கீழே. மற்ற விரல்கள் ஓட்டின் மேலே. பிறகு கொடுக்கு இரண்டையும் மடக்கிக் கயிற்றால் கட்ட வேண்டும். ஈரச் சாக்கில் நிழலில் வைக்க வேண்டும். செத்த நண்டு சீக்கிரம் கெட்டுவிடும். அதைச் சமைக்கக் கூடாது.

நண்டுக்குக் கால் பத்து. முன்னால் இருக்கும் இரண்டும் கொடுக்கு. கடைசி இரண்டும் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். அதை வைத்துத்தான் நீந்தும். ஆணா பெண்ணா என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லலாம். ஆணுக்கு வயிற்று மடல் ஒடுங்கிக் கோபுரம் போல இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அகலமாக வட்டமாக இருக்கும்.

நண்டு வளரும்போது ஓடு வளராது. பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். புது ஓடு மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீர்தான் அதிகம். சதை இருக்காது. அப்படி ஒன்று வந்தது. "இது தண்ணி நண்டு. விட்டுடு" என்றார்கள். விட்டோம். என் பையில் இருந்த ஸ்கேலை எடுத்துச் சின்ன நண்டுகளை அளந்தோம். ஒன்று 6 சென்டிமீட்டர் அகலம். இன்னொன்று 7. இரண்டும் குஞ்சு. அவற்றையும் விட்டோம். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

அடுத்துப் பெரியம்மாவின் வளையத்தில் ஒரு பெரிய பெண் நண்டு வந்தது. பச்சைக் கறுப்பு நிறம். பெரியம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டுக்கும் மடலுக்கும் நடுவே விரலால் அழுத்தினார். உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. "சினை நிறைஞ்சிருக்கு" என்றார்.

தொங்கு தராசில் மாட்டினோம். பெரியம்மாவே படித்தார். "எழுநூத்தி ஐம்பது கிராம்." முன்பெல்லாம் வியாபாரி சொன்னதுதான் எடை. அரைக் கிலோ என்றால் அரைக் கிலோதான். இப்போது அவர் கண்ணே சொல்கிறது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "பெரியம்மா, இதை விட்டுடலாம். இது முட்டை போடக் கடலுக்குப் போற நண்டு. ஒரு நண்டு பல லட்சம் முட்டை போடும்" என்றேன்.

படகு அமைதியானது. பெரியம்மா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சினை நண்டுக்குத்தான் பாப்பா விலை அதிகம். உனக்கு இது விளையாட்டு. எனக்கு இது ஒரு வாரத்து அரிசி."

எனக்குத் தலை குனிந்தது. அவர் சொன்னது உண்மை. நான் விடுமுறைக்கு வந்தவள். நண்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என் வீட்டில் சோறு உண்டு. என் நண்டை விட்டுவிடு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் அவரிடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியம்மாவே கேட்டார். "உன் சாக்குல என்ன இருக்கு?"

என் சாக்கில் ஓர் ஆண் நண்டு இருந்தது. எடை 600 கிராம்.

"நீ விளையாட வந்தவ. அதை எனக்குக் குடு. இதை நீ விடு" என்றார்.

மாற்றிக்கொண்டோம். பெண் நண்டின் கட்டைப் பெரியம்மாதான் அவிழ்த்தார். தண்ணீரில் மெதுவாக இறக்கினார். அது பின்கால்களை அடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 750-இல் 600 போனால் 150. பெரியம்மாவுக்கு 150 கிராம் நஷ்டம். சினை நண்டுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையும் நஷ்டம். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அடுத்த வருசமும் இந்த ஆத்துல நான்தானே வலை போடப் போறேன்" என்றார்.

நண்பர்களே, ஒரு நண்டை விட்டதால் ஆறு நிறைந்துவிடாது. லட்சக்கணக்கான முட்டையில் மிகச் சிலவே வளர்ந்து நண்டாகும். மீதியை மீன் தின்னும். அலை அடித்துப் போகும். அதனால்தான் அது அவ்வளவு முட்டை போடுகிறது. அலையாத்தி மரத்தை வெட்டினால் குஞ்சு ஒதுங்க இடம் இல்லை. சாக்கடையும் பிளாஸ்டிக்கும் ஆற்றில் சேர்ந்தால் நண்டு மட்டும் எப்படி வாழும்? இவையும் நாம் பார்க்க வேண்டிய வேலைகள்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. அதுவும் மீன் இனம் பெருகத்தான். அந்த நாளில் மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. ஏன் தருகிறது? விடச் சொன்னால் விடுகிறவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். படகில் எனக்குப் பெரியம்மா சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

அதனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்கள்தான் முதலில் விட வேண்டும். குஞ்சு நண்டு, சினை நண்டு, தண்ணி நண்டு மூன்றையும் விட வேண்டும். தேவைக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிழைப்புக்குப் பிடிக்கிறவரிடம் உபதேசம் செய்யும் முன், நம் சாக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்று நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். இரவில் கதவு தட்டும் சத்தம். பெரியம்மாவின் பேரன் தூக்கு வாளியோடு நின்றான். உள்ளே நண்டு ரசம். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெரியம்மாவின் கையெழுத்து. "சூடாக் குடி பாப்பா" என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.



பேசிப் பார்ப்போம்

1. பெரியம்மா செய்தது சரியா? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. உங்கள் ஊர் ஆற்றில், ஏரியில் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காதவை எவை? காரணம் என்ன?

3. ஒரு கிலோ நண்டு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 கிராம் நண்டு என்ன விலை? கணக்குப் போட்டு எழுதுங்கள்.