தாள் தாளாய்ப் பிரிந்த அரச நூல்

பொருள் கொடுத்து நூலொன்றை வாங்கியவன், அதன் தாள்களைப் பிரித்து விற்கவும் உரிமையுடையவனா? ஷா தஹ்மாஸ்ப்பின் ஷாநாமா என வழங்கும் பாரசீகக் கையெழுத்துச் சுவடியின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

மகாகவி பிர்தௌசி ஏறத்தாழ 50,000 ஈரடிகளிற் பாடி, 1010ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த மன்னர் காதையே ஷாநாமா. அதன் ஒப்பற்ற பிரதியொன்று 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தப்ரீஸ் நகரத்து அரச சித்திரசாலையில் உருவாயிற்று. சுல்தான் முகம்மது முதலிய ஓவியர் பலர் அதற்கு உழைத்தனர். 759 தாள்கள், 258 ஓவியங்கள். ஒவ்வோர் ஓவியமும் தனக்குரிய கதையோடு இணைந்து நின்றது.

1568ஆம் ஆண்டில் ஷா தஹ்மாஸ்ப் அந்நூலைத் துருக்கிய சுல்தான் இரண்டாம் செலிமுக்குப் பரிசாக அனுப்பினார். பகைமை கண்ட இரு பேரரசுகளிடையே அது சமாதானக் காணிக்கையாயிற்று. நெடுங்காலம் இஸ்தான்புல் அரண்மனையில் இருந்த நூல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாரிஸ் நகரத்து எட்மண்ட் டி ரொத்ஸ்சைல்ட் பிரபுவிடம் காணப்பட்டது. அரசர் கைமாறியும் செல்வர் கைமாறியும் நூல் மட்டும் முழுமை குன்றாதிருந்தது.

1959ஆம் ஆண்டில் அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹௌட்டன் அதனை வாங்கினார். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் அரிய நூல்களுக்கென்றே தனி நூலகம் அமையப் பொருளுதவியவர் அவர். அத்தகையவரே இந்நூலின் கட்டைப் பிரித்தார் என்பதுதான் வியப்பு. 78 ஓவியங்களை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்கு நன்கொடையாக வழங்கினார். வேறு பலவற்றை 1976 முதலாக ஏலத்திலும் தனியாகவும் விற்றார். சுல்தான் முகம்மதுவின் தலைசிறந்த படைப்பாகிய, முதல் மன்னன் கயூமர்ஸின் சபை, இப்போது ரொறொன்ரோ நகரின் ஆகா கான் நூதனசாலையிலுள்ளது. 2011ஆம் ஆண்டு இலண்டன் ஏலத்தில் ஒரே தாள் 70 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று.

ஹௌட்டன் 1990இல் மறைந்தார். 1994ஆம் ஆண்டில், எஞ்சிய 118 ஓவியங்களும் எழுத்துத் தாள்களும் வியன்னா விமான நிலையத்திலே ஈரானிடம் கையளிக்கப்பட்டன. அதற்கீடாக ஈரான் கொடுத்தது, டி கூனிங் என்னும் நவீன ஓவியர் தீட்டிய பெண்ணுருவம் ஒன்றை. பிறந்த நாட்டுக்கு நூல் மீண்டது. ஆயினும் பாதிக்கு மேற்பட்ட ஓவியங்கள் மீளவில்லை.

பிரிந்தமையால் உலகின் பல நகரத்தார் இவ்வோவியங்களைக் காணும் வாய்ப்புப் பெற்றனர் என்பாருமுளர். அது மெய்யே. ஆனால், காதையைத் தொடர்ந்து படித்து, தாளைப் புரட்டியதும் ஓவியத்தை எதிர்கொள்ளும் அனுபவம் இனி எவருக்கும் கிட்டாது. சட்டம் ஹௌட்டனுக்கு நூலின்மீது முழு உரிமை அளித்தது. நானூறு ஆண்டுகள் அதனை முழுமையாய்க் காத்தோரோ, தம்மை உரிமையாளராக மட்டுமன்றிக் காவலராகவும் கொண்டோர் போன்று நடந்தனர். இழப்பின் அளவு அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே.