வெட்டுண்ட விரலும் விழுக்காட்டுக் கணக்கும்

(தொழிற்சங்கப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஆலையில் ஒரு தோழனின் கை இயந்திரத்தில் சிக்கியது என்ற செய்தி வந்தவுடன் நாம் ஓடுகிறோம். மருத்துவமனை வாயில் நிரம்பி வழிகிறது. இரத்தம் கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேலாளரும் பழக்கூடையோடு வருகிறார். 'எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று உருக்கத்தோடு கூறிச் செல்கிறார். அன்றைய தினம் அந்தத் தோழனுக்கு ஆறுதலுக்குப் பஞ்சமில்லை.

ஆனால், ஓராண்டு கழித்து, தொழிலாளர் துறை அலுவலகத்தின் தாழ்வாரத்தில், பாதிக் கையை மேல்துண்டில் மறைத்துக்கொண்டு, நான்காவது வாய்தாவுக்காக அவன் காத்து நிற்கிறானே, அப்போது அவன் பக்கத்தில் நிற்பவர் யார்? எதிர்த் தரப்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் இருக்கிறார். கட்டுக்கட்டாய்த் தாள்கள் இருக்கின்றன. இவன் பக்கத்திலோ இவனுடைய மனைவி மட்டுமே இருக்கிறாள். நாம் எங்கே போனோம்? இந்தக் கேள்வியை என்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டுதான் கேட்கிறேன்.

காயம்பட்டவனுக்கு ஈடு தரவேண்டும் என்பது எவரும் இரக்கப்பட்டு அளித்த வரமன்று. 1837இல் இங்கிலாந்தில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பணியாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்து கால் ஒடிந்தான். வழக்குத் தொடுத்தான்; நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. வேலைக்கு வந்தவன் வேலையின் ஆபத்தையும் ஒப்புக்கொண்டே வந்தான் என்ற வாதம் அன்று முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடிகட்டிப் பறந்தது. 1884இல் ஜெர்மனியிலும், 1897இல் பிரிட்டனிலும் சட்டங்கள் பிறந்த பிறகே அந்த வாதம் தளர்ந்தது. நம் நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923இல் நிறைவேறி, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. யாருடைய கவனக்குறைவு என்பதை விட்டு, வேலையின் விளைவாக, வேலையின்போது காயம் பட்டதா என்று பார் என்றது அந்தச் சட்டம். 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. இவ்விரண்டும் இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. ஆயினும், பழைய விபத்துகளின் வழக்குகள் பழைய சட்டத்தின் பிரிவுகளைச் சுமந்துகொண்டு இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். ஆதலால் அந்தப் பிரிவுகளை நாம் மறந்துவிடுவதற்கில்லை.

உரிமையை மறுக்க முடியாது என்று கண்டவர்கள் என்ன செய்தார்கள்? உரிமையின் அளவைக் குறைக்கும் வழியைத் தேடினார்கள். 'ஈடு உண்டா?' என்ற சண்டை, 'எத்தனை விழுக்காடு?' என்ற சண்டையாக மாறிற்று.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, மனித உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு கண் போனால் நூற்றுக்கு 40. கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. வில்லெடுத்தவனுக்குக் கட்டைவிரல் நூற்றுக்கு முப்பதுதானா என்பதை ஏகலைவனைத்தான் கேட்கவேண்டும்!

கணக்கையும் பார்த்துவிடுவோம். முப்பது வயதுத் தொழிலாளி. 2020 ஜனவரியில் கணக்குக்குரிய சம்பள உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதையே அவன் சம்பளமாகக் கொள்வோம். அதில் 60 விழுக்காடு 9,000 ரூபாய். அவன் வயதுக்குரிய பெருக்கு எண் 207.98. நிரந்தர முழு ஊனம் என்றால் கிடைக்கவேண்டியது 18,71,820 ரூபாய். கட்டைவிரல் 30 விழுக்காடு என்று முடித்துவிட்டால் 5,61,546 ரூபாய். இடையிலே நிற்கும் 13 இலட்சத்துச் சொச்சம் இருக்கிறதே, அதற்காகத்தான் அத்தனை வழக்கறிஞர்களும் அத்தனை வாய்தாக்களும்!

ஒரிசாவில் ஒரு தச்சர் இருந்தார். 1968 ஜூலையில், ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. அட்டவணையைக் காட்டி, இது பகுதி ஊனமே என்றார் உரிமையாளர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை ஏறிற்று. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அளித்த தீர்ப்பு தெளிவானது: ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே அந்தத் தச்சருக்கு அது முழு ஊனமே, நூற்றுக்கு நூறே. ஆணையர் விதித்த ஈட்டுத்தொகை 9,800 ரூபாய். அதைக் கையில் வாங்க ஏழாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். காயத்தை மட்டும் அளக்காதே, காயம்பட்டவன் செய்துவந்த தொழிலோடு வைத்து அள என்பதே அத்தீர்ப்பின் உயிர். எழுத்தருக்கு ஒரு கை போனால் வேறு. தச்சருக்குப் போனால் வேறு.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் நிலைநாட்டிற்று. ஈட்டுத்தொகை கடனாவது விபத்து நடந்த நாளிலேயே. ஆணையர் உத்தரவிடும் நாளில் அன்று. இது என்ன நுணுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்பது சட்டம். அந்த 5,61,546 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 67,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வழக்கு ஏழு ஆண்டு இழுத்தால் நாலே முக்கால் இலட்சத்தை நெருங்குகிறது. உத்தரவு வந்த நாளிலிருந்துதான் வட்டி என்று வைத்துவிட்டால், இழுத்தடிப்பவனுக்கு இழுத்தடிப்பே இலாபமாகிவிடும். 2007இல் இருவர் அமர்வு ஒன்று அப்படித்தான் கூறிற்று. 2012இல், நால்வர் தீர்ப்பே கட்டுப்படுத்தும் என்று உச்சநீதிமன்றமே மீண்டும் சொல்லவேண்டி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டி இழந்தவர்களுக்கு யார் ஈடு தருவது? அதற்கு ஓர் அட்டவணை எழுதப்படவில்லை.

ஈ.எஸ்.ஐ. வளையத்துக்குள் இருப்பவர்களின் கதை வேறு. அவர்கள் நஷ்டஈட்டுச் சட்டப்படி முதலாளியிடம் கேட்க முடியாது, அதை ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுத்தது. அவர்களுக்கு மொத்தத் தொகையாக அன்றி, ஊன உதவித்தொகையாகவே கிடைக்கிறது. எத்தனை விழுக்காடு என்பதை மெடிக்கல் போர்டு முடிவு செய்கிறது. முதல் முடிவு பல நேரங்களில் தற்காலிகமானது. அந்தச் சொல்லைப் படிக்காமலேயே தாளை மடித்துப் பெட்டியில் வைக்கிறான் தொழிலாளி. மறுபடி வரச்சொல்லும் கடிதம், வாடகை வீடு மாறிவிட்டதால், பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. உதவித்தொகை நின்ற பிறகுதான் அவன் சங்கத்துக்கு ஓடி வருகிறான். போர்டின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு மன்றம் உண்டு. காயத்தின் விளைவு எதிர்பாராத வகையில் மிகவும் மோசமாகிவிட்டால் மறுபரிசீலனையும் உண்டு. இதை அவனுக்குச் சொன்னவர் எத்தனை பேர்?

இன்னொரு தந்திரம். விரல் போனவனை வாயிற்காவலுக்கு மாற்றி, அதே சம்பளத்தைக் கொடுத்து, 'சம்பாத்தியம் குறையவில்லையே, ஈடு எதற்கு?' என்பது. கேட்பதற்கு நியாயம்போல் ஒலிக்கிறது. அட்டவணையில் இடம்பெற்ற காயத்துக்கு, சம்பாதிக்கும் சக்தி அந்த அளவு குறைந்ததாகச் சட்டமே கொண்டுவிடுகிறது. இன்று கொடுக்கும் சம்பளம் அதை அழித்துவிடாது. இந்தக் காவல் வேலை நாளை போய்விட்டால், அந்த விரலோடு எந்தப் பட்டறை அவனை லேத்தில் நிறுத்தும்?

கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாள் மருத்துவமனைக் கட்டிலுக்கே வந்துசேர்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தெளிவாகக் கூறிற்று. ஆகவே, கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒடுங்கிப்போன தோழர்களிடம் சென்று, வழி அடைபடவில்லை என்று சொல்லுங்கள். அதே சமயம் மருத்துவப் பரிசோதனைக்கு நிர்வாகம் இலவசமாக அழைத்தால், கோபத்தால் மறுத்துவிட வேண்டாம். மறுத்தால் உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும் என்பது 11ஆம் பிரிவு. போகட்டும், ஆனால் தனியே போகவேண்டாம். எழுதிக் கொடுப்பதன் நகலையும் வாங்கி வரட்டும். கோரிக்கை மனுவுக்குப் பழைய சட்டம் விதித்த காலக்கெடு இரண்டே ஆண்டு. முதலாளியின் வாக்குறுதியை நம்பிக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம். ஏற்பார் என்று எண்ணிக்கொண்டு மட்டும் இருந்துவிடலாகாது.

காயம்பட்ட தோழர் ஒருவருக்கு ஒரு சங்கப் பொறுப்பாளர் என்று இன்றே பிரித்துக்கொள்வோம். விபத்துப் பதிவின் நகல், சம்பளச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, வயதுச் சான்று ஆகிய நான்கையும் முதல் மாதத்திலேயே ஓர் உறையில் போட்டுச் சங்க அலுவலகத்தில் வைக்கட்டும். வாய்தா நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து, அன்று அந்தப் பொறுப்பாளர் கூடவே செல்லட்டும். கூலி போகுமே என்றால், அந்த ஒருநாள் கூலியைச் சங்கம் தரட்டும்.

பின் வரிசையில் சில தோழர்கள் மெடிக்கல் போர்டு தாள்களோடு வந்திருப்பதைப் பார்க்கிறேன். வகுப்பு முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். விளக்கு இருக்கும்வரை உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் படித்துப் பார்த்துவிடுவோம்.