மணலும் கல்லும் ஜீப்பு வண்டியும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் கடலை நோக்கி அமைந்திருக்கும் ஊர் மயிலிட்டி. மீன்பிடித் துறைமுகத்தாற் பேர்பெற்ற அவ்வூரின் மக்கள் 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இடம்பெயர்ந்தனர். 27 ஆண்டுகள் கழிந்தபின், 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில், துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் மக்களிடம் மீண்டன. ஒரு தலைமுறைக் காலம் சில்லு உருளாத ஒழுங்கைகளை அதற்குள் பற்றை மூடிவிட்டது. மதில் இருந்த இடத்திற் கற்குவியலும், வீடு இருந்த இடத்திற் காடும் காணப்பட்டன. அத்தகைய நிலத்திலும், அடுத்திருக்கும் கடற்கரை மணலிலும் போய்வருவதற்குச் சாதாரண மோட்டார் வண்டியைவிட ஜீப்பு வண்டியே ஏற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜீப்பு என்று நான் சொல்வது, இன்று பல பெயர்களில் விற்கப்படுகின்ற, நிலத்திலிருந்து சற்று உயர்ந்து நிற்கும், நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லக்கூடிய வண்டிகள் அனைத்தையுமே. அத்தகைய வண்டி ஒன்றை வாங்கியவர் மனத்தில் அடுத்த கிழமையே ஒரு கேள்வி எழுகின்றது. இதில் முதலில் எதை மாற்றுவது? எதைச் சேர்ப்பது? நம் நாட்டில் இக்கேள்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. அந்த ஐந்தாண்டுகளில், இருக்கும் வண்டியைப் பேணித் திருத்தி ஓட்டுவதே பலருக்கும் வழியாயிற்று. பழைய வண்டிக்குப் புதிய அணிகலன் பூட்டும் ஆசையும் உடன் வளர்ந்தது.

ஆசைக்கு அளவில்லை. வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தலாம். கூரையில் விளக்கு வரிசை பூட்டலாம். முன்புறத்தில் வின்ச் எனப்படும் இழுவைப் பொறியை அமர்த்தலாம். மூச்சுக் குழலைக் கூரைவரை உயர்த்தலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பயன் உண்டு. ஆனால், எதை முதலிற் செய்வது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டும். வண்டி மேலும் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பதைவிட, போன இடத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி வர எது துணைசெய்யும் என்று பார்ப்பதே அந்த அளவுகோல். கடலுக்குப் போகிறவன் பெரிய பாயைப் பற்றி எண்ணுமுன் நங்கூரமும் கயிறும் வள்ளத்தில் உண்டா என்று பார்க்கின்றான் அன்றோ?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், முதலிடம் பெறுவது ரயர். வண்டி முழுவதிலும் நிலத்தைத் தொடுவது அது ஒன்றே. 1941ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக்கு வில்லிஸ் நிறுவனத்தார் செய்து கொடுத்த ஜீப்பு, ஏறக்குறைய 60 குதிரைவலுக் கொண்ட சிறிய வண்டி. 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த லாண்ட் றோவரும் அதற்கு இளைத்ததே. ஆயினும் அவை சேற்றிலும் மணலிலும் சென்றன. குறைந்த பாரமும், நிலத்தைப் பற்றும் ரயரும், நிதானமான பற்சில்லும் அவற்றின் பலம்.

இன்று கடையில் மூவகை ரயர்கள் கிடைக்கின்றன. தார்த் தெருவுக்கானது ஒன்று. ஆழ்ந்த வெட்டுக்களை உடைய சேற்று ரயர் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது எல்லா நிலத்துக்குமான ரயர். வாரத்தில் ஆறு நாள் தார்த் தெருவிலும் ஒரு நாள் மணலிலும் ஓடும் வண்டிக்கு இந்த நடுத்தர ரயரே போதுமானது. சேற்று ரயர் தெருவில் இரையும். மழை நனைத்த தாரில் வழுக்கும். மென்மணலிலோ தன் பற்களால் தானே குழி தோண்டிக்கொள்ளும். நமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. 1950ஆம் ஆண்டு காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததும் அந்தக் கல்லை நம்பியே. அக்கல்லின் கூர்முனை ரயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். ஆகவே பக்கச் சுவர் தடித்த, சிறு லொறிகளுக்கென உரம்பெறச் செய்த ரயரைத் தேர்வது நன்று. வாங்கும்போது பக்கச் சுவரிற் பொறித்த நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையிற் செய்யப்பட்டது என்பது பொருள். வெட்டுக்கள் தேயாதிருந்தாலும் வயது முதிர்ந்த ரயர் நம்பத்தக்கதன்று.

அளவைப் பெரிதாக்கும் ஆசையையும் சற்று அடக்க வேண்டும். ரயரின் விட்டத்தை இரண்டு அங்குலம் கூட்டினால் அச்சு உயர்வது ஓர் அங்குலமே. விட்டம் நூற்றுக்குப் பத்து வீதம் கூடினாலோ, வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். பிறேக்கின் வேலையும் கூடும். வளைவிற் சில்லு உடலோடு உராயவும் இடமுண்டு. உதிரிச் சில்லும் மற்ற நான்கின் அளவினதாகவே இருத்தல் வேண்டும்.

ரயரை மாற்ற இப்பொழுது பணமில்லையே என்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. மணலைப் பொறுத்தவரை, புதிய ரயரைவிடப் பெரிய மாற்றத்தைத் தருவது ரயருக்குள் இருக்கும் காற்று. ஒரு சில்லின்மேல் 1,100 இறாத்தற் பாரம் நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தலாயின், நிலத்தை அழுத்தும் பரப்பு ஏறக்குறைய 31 சதுர அங்குலம். அழுத்தத்தை 18 இறாத்தலாகக் குறைத்தால் அப்பரப்பு ஏறக்குறைய 61 சதுர அங்குலமாகும். ரயரின் விறைப்பினால் இக்கணக்குச் சிறிது மாறினும், உண்மை இதுவே. வல்லிபுரத்துக்கு அப்பால் மணற்காட்டின் மணல் மேடுகளிற் புதையும் வண்டி, காற்றை இறக்கியவுடன் எழுந்து நடப்பதன் இரகசியமும் இதுவே. எனவே நல்ல அழுத்தமானி ஒன்றும், 12 வோல்ற்றுப் பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றும் உங்கள் முதற் கொள்வனவுகளாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். காற்றுக் குறைந்த ரயரோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறிச் சிதையும். சடுதியாகத் திருப்பினால் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். மணலை விட்டுத் தார்த் தெருவில் ஏறுமுன் மீண்டும் காற்றடிப்பது கட்டாயம். கூரிய கற்பாதையில் 18 இறாத்தல்வரை இறக்குவதும் தவறு. அங்கே சிறிதளவு குறைத்து, மிக மெதுவாக ஓட்டுவதே முறை.

இரண்டாவதாக வருவது, புதைந்த வண்டியை வெளியே எடுக்கும் ஏற்பாடு. ஒரு மண்வெட்டி, சில்லின் கீழ் வைக்க இரண்டு பலகைகள், வண்டியின் அடிச்சட்டத்தோடு திடமான மரையாணிகளாற் பூட்டிய, பாரம் தாங்கும் அளவு குறிக்கப்பெற்ற இழுவைக் கொளுக்கிகள், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும், தக்க வலிமையுள்ள ஒரு வார். இவ்வளவே. பலகை அகப்படாத வேளையிற் கிடுகும் சாக்கும் கைகொடுக்கும்.

இங்கே உயிரோடு தொடர்பான ஓர் எச்சரிக்கை. பின்வண்டியை இணைப்பதற்கெனப் பின்புறத்தில் உருண்டையான இரும்புக் குமிழ் ஒன்று பல வண்டிகளில் உண்டு. புதைந்த வண்டியை இழுக்க அதிற் கயிற்றை மாட்டவே கூடாது. இழுவையின் வேகத்தில் அக்குமிழ் முறிந்து, துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். அவுஸ்திரேலியாவில் இவ்விதமாக மனிதர் மாண்டிருக்கின்றனர். நைலோன் கயிறு எவ்வளவு நீளும், அறுந்தால் எவ்வாறு சாட்டைபோல் மீளும் என்பதை மயிலிட்டிக் கடற்றொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கயிற்றின்மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பாற் பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்போரையும் நிறுத்துங்கள்.

மூன்றாவது, வண்டியின் அடிவயிறு. எந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி நிலத்துக்கு அருகே தொங்குகின்றது. ஒரு கல் அதனைப் பிளந்தால், அந்த இடத்திலேயே பயணம் முடிந்தது. அதனைக் காக்கும் உருக்குத் தகடு விளக்கு வரிசையைப் போலக் கண்ணைப் பறிக்காது. ஆயினும் பன்மடங்கு பயன் தரும். கல்லைவிடக் கொடிய பகை உப்பு. கடற்கரையிற் சென்றுவந்த அன்றே நன்னீரால் அடிப்பாகம் முழுவதையும் கழுவுதல் வேண்டும். பெட்டிபோல் அமைந்த அடிச்சட்டத்தின் உள்ளே தங்கும் மணலையும் வெளியேற்ற வேண்டும். துருவைச் சுரண்டி நீக்காமல் அதன்மேலே தடித்த கறுப்பு மையைப் பூசுவது, புண்ணைக் கழுவாமற் கட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்; உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும்.

இம்மூன்றையும் செய்தபின், ஆறு மாத காலம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். அடுத்து வேண்டுவது எது என்பதை வண்டியே சொல்லும். அடிக்கடி பாரம் ஏற்றுவதாற் பின்புறம் தாழ்கின்றதா? அப்பாரத்துக்கேற்ற வில்லும் அதிர்ச்சிதாங்கியும் பூட்டலாம். அதற்குமுன் அழகுக்காக உயர்த்தினால், பாரத்தின் மையம் மேலேறி வண்டி சரிவிற் கவிழ ஏதுவாகும். கூரைமேற் பாரம் ஏற்றுவதும் அத்தகையதே. வள்ளத்திற் பாரத்தை அடித்தளத்தில் வைப்பதா, பாய்மரத்தின் உச்சியிற் கட்டுவதா? மேலும், ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவுதான் தாங்கும் என்ற எல்லை உண்டு. இரும்புத் தடுப்பு, இழுவைப் பொறி, கூரைச் சட்டம் என்று பூட்டிக்கொண்டே போனால், ஆட்கள் ஏறுமுன்பே அந்த எல்லை நெருங்கிவிடும். மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

இழுவைப் பொறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கம்பியைக் கட்ட ஒரு மரம் வேண்டும். வெட்ட வெளியான கடற்கரையில் மரத்துக்கு எங்கே போவது? உயர்ந்த மூச்சுக் குழலோ ஆற்றைக் கடப்போர்க்கு உதவுவது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத குடாநாட்டில், அது முதற் செலவாக ஆகாது. ஆழம் தெரியாமற் காலை விடாதே என்ற பழமொழி சில்லுக்கும் பொருந்தும்.

சட்டத்தையும் நினைவிற் கொள்ளுதல் நலம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நம் நாட்டு வண்டிகளின் பதிவையும் அமைப்பையும் ஆளுகின்றது. 2025ஆம் ஆண்டு சனவரியில், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டிய மேலதிக அணிகளைப் பொலிசார் அகற்றச் செய்ததை நேயர்கள் அறிவீர்கள். பதிவுப் பத்திரத்திற் கண்ட அமைப்பு மாறக்கூடிய எந்த வேலைக்கும் முன்னர், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியாளரிடமும் விசாரிப்பது பிற்பாடு வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

இறுதியாக, கடையில் விற்கப்படாத ஒரு சாதனம் உண்டு. அது பாதையை அறியும் அறிவு. முகமாலை போன்ற இடங்களிற் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடைபெற்றது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆயினும் மண்டையோட்டுச் சின்னம் தாங்கிய எச்சரிக்கைப் பலகையைக் கண்ட இடத்தில், எத்துணை வலிய வண்டியும் நின்றே ஆகவேண்டும். நெடுங்காலம் ஆளற்றுக் கிடந்த காணிகளிற் பற்றைக்குள் மறைந்த கிணறு இருக்கக் கூடும். இறங்கி நடந்து பார்த்தபின் ஓட்டுங்கள். கரைவலை இழுக்குமிடத்திலும், வலை உலரும் மணலிலும், ஆமை முட்டையிடும் கரையிலும் சில்லுத் தடம் படாதிருக்கட்டும். ஒருவருடைய பொழுதுபோக்கு இன்னொருவருடைய பிழைப்பை மிதித்தல் ஆகாது.

நேயர்களே, கையூன்றிக் கரணம் போடு என்பார்கள். ரயரும் காற்றும், கொளுக்கியும் மண்வெட்டியும், தகடும் நன்னீரும் ஆகிய இவையே நாம் ஊன்றும் கைகள். இவை அமைந்தபின் விளக்கு வரிசையை வேண்டுமாயின் ஆறுதலாகப் பூட்டிக்கொள்ளலாம். காலையிற் புறப்பட்ட வண்டி மாலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, அதிலே போனவர்கள் அனைவரும் நலமாக இறங்குவார்களானால், செலவிட்ட பணம் உரிய இடத்திற் சேர்ந்தது என்று கொள்க.